புவனா கழுவிய வினையூக்கி

உங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். ஊக்கம் தருவதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஊக்கம் தருவதற்கு உங்களுக்கு மேலாளர் இருக்கிறார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். என்னிடம் இருப்பது, மிக நன்றாக வேலை செய்த ஒரு வினையூக்கியின் கதை. மோசமான வினையூக்கி யாரையும் கெடுத்ததில்லை. தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு கோப்பி குடிக்கப் போய்விடலாம். நன்றாக வேலை செய்கிறதே, அதுதான் ஆபத்து.

தொண்ணூறுகளின் தொடக்கம். நானோ என்ற சொல் இன்னும் பினாங்குக்கு வந்து சேரவில்லை. "மிக நுண்ணிய துகள்" என்று அறிக்கைகளில் எழுதுவோம். எங்களுக்குள் பேசும்போது "மாவு" என்போம். பாயான் லெப்பாஸ் போகும் சாலையோரத்தில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாகப் போகும்போது தராசின் முள் ஆடும். அது அடங்கும்வரை யாரும் எதையும் எடை போடுவதில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் பசியாறல்.

மொத்தம் நாலு பேர். தலைவரை எல்லோரும் டாக்டர் என்றே அழைத்தோம். பெயர் வேண்டாம், அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகன். லண்டனில் படித்தவர். பினாங்கு வெயிலில் டை கட்டுவார். வரைபடத்தில் நேர்கோடு விழுந்துவிட்டால் அவர் முகத்தில் வரும் மலர்ச்சியை வேறு எந்த விஷயத்திற்கும் நான் பார்த்ததில்லை, தன் மகளுடைய கல்யாணத்தன்றுகூட.

அந்தோணி டெக்னீஷியன். சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். குழாய், வால்வு, சிலிண்டர் எல்லாம் அவர் பொறுப்பு. வாயும் அவர் பொறுப்பு. நான் குரோமட்டோகிராஃப் பார்த்துக்கொண்டேன். உலையிலிருந்து என்ன பொருள், எவ்வளவு வந்தது என்பதைத் தாள் சுருளில் மேடு மேடாக வரைந்து காட்டும் கருவி அது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். மேடு பெரிதானால் பொருள் அதிகம். தொழிற்சாலை ஒன்று வேண்டாம் என்று ஒதுக்கியதை நாங்கள் எடுத்து வந்திருந்தோம்.

நாலாவது ஆள் புவனேஸ்வரி. பட்டர்வொர்த்தில், மாக் மண்டினுக்குப் பக்கத்தில் வீடு. தினமும் ஃபெர்ரியில் வருவாள். இந்தக் கதையில் எதையாவது இழக்க இருந்தவள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் நிரந்தர ஆசிரியை வேலையை விட்டுவிட்டு எங்களிடம் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். அவள் அப்பா ஓய்வு பெற்ற அரசாங்கக் குமாஸ்தா. அவர் உலகத்தில் வேலைகள் இரண்டு வகை: பென்ஷன் உள்ளது, மற்றது. மகள் முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்குத் தானாக நடந்து போனதை அவரால் யாருக்கும் விளக்க முடியவில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், "இன்னும் டீச்சராத்தான் இருக்கா" என்று சொல்லிவிடுவாராம்.

"கோயில்ல போய் பொய் சொல்றாருண்ணே," என்பாள் புவனா. "அந்தப் பாவமும் என் கணக்குலதான்."

அந்த வருஷக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. ஆய்வுக்குப் பணம் வந்தால் அவளுக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் நன்றி, வணக்கம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து, அழுத்தி, சூடாக்கி, மறுபடி எரியக்கூடிய திரவமாக்க வேண்டும். எங்கள் இலக்கு மெத்தனால். இரண்டு வாயுக்களும் தாமாகச் சேராது, தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் தாமிரமும் துத்தநாகமும் கலந்த எங்கள் மாவு. துகள் சிறிதாகச் சிறிதாக மேற்பரப்பு கூடும், வேலையும் கூடும். இதெல்லாம் உங்களுக்கு முதல் வருஷப் பாடம்.

சிறிய துகளைச் செய்வது கஷ்டமில்லை. சிறியதாகவே வைத்திருப்பதுதான் கஷ்டம். தண்ணீரில் கழுவிக் காய வைத்தால், போகிற தண்ணீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டிவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் பாசாரில் விற்கும் பனைவெல்லம் மாதிரி கட்டியாக இருக்கும். அதோடு இன்னொரு தொல்லை: அவ்வளவு நுண்ணிய தாமிரம் காற்றுப் பட்டால் புகையும். அந்தோணி ஒருமுறை வடிதாளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்ப, தொட்டி பற்றிக்கொண்டது. "நான் சிகரெட்ட விட்டு ரெண்டு மாசம் ஆச்சு லா," என்பதே அவர் சொன்ன முதல் விளக்கம்.

இரண்டு தொல்லைக்கும் சேர்த்து வழி கண்டவள் புவனா. தண்ணீரை விரட்டக் கடைசியில் மெத்தனாலால் கழுவுவது. உலையில் போடும்வரை மெத்தனாலிலேயே ஊற வைப்பது. மெத்தனால் துகளை இழுத்து ஒட்டாது, காற்றையும் அண்ட விடாது. உலையில் போட்ட பிறகு வெதுவெதுப்பான நைட்ரஜனை ஓட்டி, வாசனை போகும்வரை உலர்த்துவாள். அதிகம் சூடாக்கினால் துகள்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லாவற்றையும் மிதமான சூட்டிலேயே செய்தோம். அப்படி வந்த பொடி முகப்பவுடர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் கடைத்தெருச் சாப்பாட்டுப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். மோசமாக வந்தது ரோஜாக். நன்றாக வந்தது செண்டோல்.

செண்டோல் அற்புதமாக வேலை செய்தது. கருவியின் பேனா தாளின் விளிம்பை நெருங்கித் திரும்பும் அளவுக்கு மெத்தனால் மேடு. அதைவிட நுண்ணியதாகப் புவனா அடுத்தடுத்துச் செய்தாள். மேடு இன்னும் உயர்ந்தது. துகளின் அளவைக் கீழும் மெத்தனாலைப் பக்கவாட்டிலும் வைத்து டாக்டர் புள்ளிகள் போட்டார். ஸ்கேல் வைத்தது மாதிரி நேர்கோடு. அன்றைக்கு அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். எங்கள் வட்டாரத்தில் அது திருவிழாவுக்குச் சமம்.

ஒரே குறை, வினையூக்கி சீக்கிரம் களைத்துப்போகும். காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் மேடு குறைந்துகொண்டே வரும். வினையூக்கிகள் களைப்பது புதிதல்ல; புத்தகத்தில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. டாக்டர் அந்த அத்தியாயத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார். ஆனால் புவனா களைத்த பொடியை வெளியே எடுத்து, மெத்தனாலில் கழுவி, கொஞ்சம் ஊற வைத்துத் திருப்பிப் போட்டால், மறுநாள் புதுசு போல வேலை செய்யும்.

"குளிப்பாட்டுனா எழுந்துக்குது," என்றாள் புவனா.

"எங்க தோட்டத்து சூப்பர்வைசர் மாதிரியேதான்," என்றார் அந்தோணி.

டாக்டர் அதற்கு "எளிய முறையில் புத்துயிரூட்டல்" என்று தலைப்பு வைத்து ஒரு கட்டுரை தொடங்கினார்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் வரிசையாகச் சொல்லிவிட்டதால் உங்களுக்குத் தெரிகிறது. எங்களுக்கு அது மாதக்கணக்கில், மற்ற நூறு வேலைகளுக்கு நடுவே, துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் புத்தகத்தில் நியாயமான விளக்கம் இருந்தது. நியாயமான விளக்கம் கையில் இருக்கும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

டாக்டர் கோலாலம்பூருக்குப் போன் போட்டார். எரிபொருள் விவகாரங்களுக்குப் பணம் ஒதுக்கும் குழு ஒன்று நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னது. பிடித்துப்போனால் பெரிய உலை, புதுக் கருவிகள், நிரந்தர வேலை. புவனாவின் அப்பா வீட்டில் நல்ல பேனா ஒன்றை எடுத்து மை நிரப்பி வைத்துவிட்டார் என்று கேள்வி. நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட மகளுக்கு.

வருகிறவர்களுக்குக் கண்ணால் காணும்படி ஏதாவது காட்ட வேண்டும் என்றார் டாக்டர். உலையில் சேர்ந்த திரவத்தைச் சின்ன விளக்கில் ஊற்றி எரித்துக் காட்டுவது என்று தீர்மானமாயிற்று. ஒத்திகையில் அந்தோணி தீக்குச்சியை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கிட்டே குனிந்து, "இன்னும் பத்தேல்ல," என்று திரியை விரலால் சரிசெய்தார். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பது எங்கள் நால்வருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். அவர் விரலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டே புவனா, "திரியில கொஞ்சம் உப்புப் போட்டா மஞ்சளா தெரியும் டாக்டர்," என்றாள். "அதை முதல்ல சொல்லக் கூடாதோ பிள்ளை," என்றார் அவர்.

குழு வருவதற்கு முன் முழு ஒத்திகை ஒன்று நடந்தது. புதிதாகச் செய்த செண்டோல் உலையில். சூடு ஏறியது. அந்தோணி வால்வுகளைத் திறந்தார். கருவியின் பேனா எழுந்து, வழக்கமான மேட்டை வரைந்துவிட்டு இறங்கியது. டாக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள், எதைப் பார்ப்பார்கள் என்று யோசிப்பதற்காக நான் வாசற்படியில் போய் நின்று, முதல்முறை வருகிறவனைப் போல அறையைப் பார்த்தேன்.

சுவரோரம் புதிய கரியமில வாயு சிலிண்டர் நின்றது. அதன் வாயில், கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் முத்திரை அப்படியே இருந்தது. பழைய சிலிண்டர் அங்கே இல்லை. அதோடு இணைந்திருந்த குழாய், சுவரில் பாதி உயரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தோணி, கரியமில வாயு எங்கேர்ந்து வருது?" என்றேன்.

"அதோ சிலிண்டர்லேர்ந்து."

"அதோட முத்திரையே உடைக்கல."

அவர் திரும்பிப் பார்த்தார். "புவனா மாட்டலையா?"

"நீங்க மாட்டுவீங்கன்னு இருந்தேன்," என்றாள் புவனா. "பழசைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே."

கரியமில வாயுவின் அழுத்தமானி ஊசி எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். அதன்மேல் நம்பிக்கை வைப்பதை எப்போதோ விட்டிருந்தோம். ஹைட்ரஜனும் நைட்ரஜனும் மட்டும் உலைக்குள் போய்க்கொண்டிருந்தன. அதில் கார்பன் கிடையாது. கார்பன் இல்லாமல் மெத்தனால் கிடையாது. கருவியோ அடுத்த மேட்டை வரைய ஆரம்பித்திருந்தது.

முதலில் பேசியது அந்தோணிதான். "கேஸ் இல்லாமலே ஓடுதுன்னா இன்னும் மலிவுதானே லா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், நல்ல நகைச்சுவை.

"குழாயில மிச்சம் நிண்டிருக்கும்," என்றார் டாக்டர். "பழைய கேஸ். அது கசிஞ்சு வருகுது."

புவனா மெத்தனால் போத்தல் இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமோ வருத்தமோ இல்லை. மறந்துபோன பெயர் நினைவுக்கு வரும்போது ஒருவர் முகம் இருக்குமே, அப்படி இருந்தது. பிறகு, கரியமில வாயு குழாயை எடுத்து நைட்ரஜனில் மாட்டச் சொன்னாள். மிச்சம் மீதி இருந்தாலும் அடித்துக்கொண்டு போகட்டும் என்று நெடுநேரம் ஓடவிட்டாள். மேடு வந்தது. குறைந்துகொண்டே வந்தது. பொடியை வெளியே எடுத்து, கழுவி, ஊற வைத்து, உலர்த்தி, மறுநாள் காலை நைட்ரஜனிலேயே திரும்பப் போட்டாள். புத்தம் புதிதாக மேடு எழுந்தது.

"நாம ஒண்ணும் செய்யல டாக்டர்," என்றாள். "நான் ஊத்துன மெத்தனாலை அது வச்சிருந்து திருப்பிக் கொடுக்குது. பொடி நுணுக்கமா இருந்தா இடுக்கு அதிகம், அதிகமா வச்சிருக்கும். அதான் உங்க நேர்கோடு. தீர்ந்துபோனா களைப்பு. திருப்பி ஊத்துனா புத்துயிர்."

இத்தனை மாதமாக நாலு படித்தவர்கள் ஒரு கடற்பஞ்சைப் பிழிந்து, சொட்டியதை அளந்து, அதற்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை நான் கெட்டவராகக் காட்டப் போவதில்லை. அவர் சொன்னது ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வதுதான்.

"இதை இப்ப சொல்லத் தேவையில்லை. அவங்கள் வரட்டும், பார்க்கட்டும். பணம் வரட்டும். பிறகு ஆறுதலா நாங்களே கண்டுபிடிச்ச மாதிரித் திருத்திக்கொள்ளலாம். உன்னைப் பற்றித்தான் யோசிக்கிறன் பிள்ளை. உன்ர அப்பாவுக்கு என்ன சொல்லுவாய்?"

"அது என் கவலை டாக்டர்."

"பொய் சொல்லச் சொல்லேல்ல. கேட்காததைச் சொல்லாதே எண்டுதான் சொல்லுறன்."

"கேப்பாங்களே. 'இது எங்கேர்ந்து வருது?'ன்னு முதல் கேள்வியே அதானே. நான் எந்தப் பக்கம் கையைக் காட்டுறது? சிலிண்டர் பக்கமா, போத்தல் பக்கமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய் தம்பி?"

"எனக்குத் தெரிஞ்சது பேப்பர்ல வரையுது. அதை அவங்களும் பாப்பாங்க," என்றேன். பெரிய வீரமொன்றும் இல்லை. கருவியை ஓட்டுபவன் நான். மாட்டினால் முதலில் மாட்டுபவனும் நான்தான்.

புவனாவும் நானும் வெளியே போய் சாலையோரக் கடையில் தே தாரிக் குடித்தோம். ஷிஃப்ட் விட்டு பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"சொல்லாம விட்டுட்டா வேலை கிடைச்சிடும்லண்ணே," என்றாள்.

"கிடைச்சிடும்."

"நிரந்தரம்."

"நிரந்தரம்."

"எங்கப்பா பேனாவுக்கு மை கூட ஊத்தி வச்சிட்டாரு." கண்ணாடித் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "பாழாப்போன மெத்தனால். எத்தனாலாவது ஊத்தித் தொலைச்சிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும், இல்ல?"

அது சரிதான். எத்தனால் என்றால் தாளில் வேறு இடத்தில் மேடு வந்திருக்கும், இது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே கேட்டிருப்போம். எதைச் செய்ய ஆசைப்பட்டோமோ அதையே ஊற்றிக் கழுவினோம். இத்தனை பேர் சேர்ந்து யோசித்தாலும் இதைவிடத் தரமான முட்டாள்தனத்தைத் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. புதியவர்களுக்கு நான் தரக்கூடிய ஒரே தொழில்நுட்ப அறிவுரை இதுதான்: எதைத் தேடுகிறீர்களோ அது உங்கள் அலமாரியில் போத்தலில் இருந்தால், அறையை மாற்றுங்கள்.

குழு வரும் நாள் காலையில் டாக்டர் டையைச் சரிசெய்துகொண்டே புவனாவிடம், "விளக்கம் நீயே சொல்லு. நான் வரவேற்பு மட்டும் சொல்லுறன்," என்றார். அது கோழைத்தனமா பெருந்தன்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மூன்று பேர் வந்தார்கள். அவர்களின் தலைவர் தைப்பிங்கில் பிறந்த தமிழர், வயதான எஞ்சினியர். டாக்டர் வரவேற்றார், சற்று நீளமாகவே வரவேற்றார். பிறகு புவனா முன்னால் வந்தாள். கரியமில வாயுவைத் திறந்து வரைந்த தாளையும், மூடி வரைந்த தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். இரண்டு மேடுகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். முடியாது என்றார்கள். எங்களாலும் முடியாது என்றாள். ஏன் என்று சொன்னாள். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆசிரியையாக இருந்தவள், கரும்பலகைக்கு முன் நிற்பது மாதிரி நின்று, கழுவியதிலிருந்து நேர்கோடு வரை வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

கூட வந்த இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கூட்டம் சேருவதற்குள் போய்விடலாம் என்பது அவர்கள் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது.

பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று அந்த எஞ்சினியர் புவனாவிடம் தமிழில் கேட்டார். "நீங்க சொல்லலன்னா நாங்க கண்டுபிடிச்சிருப்போம்னு நினைக்கிறீங்களா?"

"இல்ல சார். ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்."

"அப்புறம் ஏம்மா சொன்னீங்க?"

"அந்த ரெண்டு வருஷமும் நான்தானே சார் அதைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கணும்?"

அவர் வாயிலிருந்த கறிபஃப் தெறிக்கச் சிரித்தார். சிரித்தவர் பணம் கொடுப்பார் என்று நினைக்காதீர்கள். குழுக்கள் தனித்தனியாகச் சிரிக்கும், மொத்தமாக மறுக்கும். சில வாரங்களில் மறுப்பு வந்தது. பெரிய உலை இல்லை, நிரந்தர வேலை இல்லை. புவனாவின் ஒப்பந்தம் குறித்த நாளில் முடியும். வீட்டில் அவள் அப்பா பேனாவிலிருந்த மையைத் திருப்பி மைக்கூட்டில் ஊற்றிவிட்டாராம்.

மீதமிருந்த நாட்களில் அவள் அதே மாவை மெத்தனால் இல்லாமல் செய்யப் பார்த்தாள். தண்ணீரோடு உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்தால், பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போய்விடும். துகளை இழுத்து ஒட்டத் திரவமே இருக்காது. அதற்கான கருவி பக்கத்துப் பிரிவில் இருந்தது. அவர்கள் அதில் டுரியான் பழத்தை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். புவனா அதை மூன்று நாள் தேய்த்துக் கழுவினாள், வெறும் தண்ணீரால்.

"டுரியான்ல என்னென்ன ஆல்கஹால் இருக்குன்னு யாருக்குத் தெரியும்," என்றாள். "திரும்பவும் ஏமாற என்னால முடியாதுண்ணே."

அப்படி உலர்ந்த பொடியை உலோகத் தாமிரமாக மாற்றும் வேலையை உலைக்குள்ளேயே ஹைட்ரஜன் விட்டுச் செய்யலாம், வெளியே புகையும் பயமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். பொடி தயாரானபோது அவளுக்கு நாள் தீர்ந்துவிட்டது. போத்தலில் அடைத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, எங்கள் மூவருக்கும் ரொட்டி சானாய் வாங்கித் தந்துவிட்டு, ஃபெர்ரி பிடிக்கப் போனாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சேரப்போவதாகச் சொன்னாள். அங்கே சிலிக்கன் தகடுகளைக் கழுவும் பிரிவு. "கழுவுறதுல அனுபவம் இருக்கான்னு கேட்டாங்க," என்றாள்.

அவள் போன பிறகு, பொடியை உலையில் போடுவதா என்று டாக்டரைக் கேட்டேன். கேஸை வீணாக்காதே என்றார். மறுநாள் காலை நான் வரும்போது அவரே முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு, அந்தோணியுடன் சிலிண்டரைத் திருகிக்கொண்டிருந்தார். டை இல்லை. முத்திரை உடைத்தாயிற்றா என்று பார்த்தேன். "உடைச்சாச்சு, உடைச்சாச்சு," என்றார் அந்தோணி.

சூடு ஏற்றினோம். பேனா நேராகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு, மெத்தனால் வரவேண்டிய இடத்தில், கொசுக்கடி அளவுக்கு ஒரு மேடு. முன்னால் பார்த்த மலைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அது அச்சுப்பிழை மாதிரி இருக்கும். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அடுத்த முறையும் அதே அளவு. அதற்கடுத்த நாளும் அதே அளவு. கரியமில வாயுவை மூடினேன். மேடு போய்விட்டது. திறந்தேன். வந்தது. டாக்டர் வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். தொழிற்சாலை கேன்டீனிலிருந்து புவனா.

"போட்டீங்களாண்ணே?"

"போட்டோம்."

"வருதா?"

"வருது. ரொம்பச் சின்னது. பூதக்கண்ணாடி வேணும்."

"கேஸை மூடிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். மூடுனா போயிடுது. திறந்தா வருது."

அந்தப் பக்கம் யாரோ மலாய் மொழியில் அடுத்தவருக்கு இடம் விடச் சொல்வது கேட்டது. அவள் அந்த ஆளுக்கு ஏதோ பதில் சொன்னாள். அவ்வளவு மரியாதையாக இல்லை.

"இன்னொரு வாட்டி மூடுங்க," என்றாள்.

"நேரமாகும் புவனா. உன் சாப்பாட்டு நேரம் முடிஞ்சிடும்."

"முடியட்டும்ண்ணே. மூடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, வால்வை மூடப் போனேன்.